வேண்டாம் என்றது யார்

“பொருத்தமான ஆள் கிடைக்கேல்லை” என்று டொக்டர் யசோதரா சொன்னபோது றிஸ்லா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். மேசையில் கிடந்த பேனையின் மூடியை அந்தக் கை கழற்றியது, பூட்டியது, மறுபடி கழற்றியது. பக்கத்துக் கதிரையில் உம்மா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். தங்கை நிப்லா சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் அழவில்லை. அழுதால் மூக்கால் இரத்தம் வரும் என்று பயந்து அடக்குகிறாள் என றிஸ்லா நினைத்தாள்.

நிப்லாவுக்கு இருபது வயது. அவளுடைய எலும்புக்குள் இரத்தம் ஊறுவது போன வருடம் நின்றுபோனது. முதலில் பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வந்தது. பிறகு தொட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். இப்போது யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த இரத்தத்தில்தான் ஒவ்வொரு கிழமையையும் ஓட்டுகிறாள். ஒருவருடைய என்புமச்சை அவளுக்குப் பொருந்தினால், அதை அவருடைய இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்து இவளுடைய இரத்த நாளத்துக்குள் விடலாம். அந்த மச்சையிலுள்ள ஸ்டெம் செல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் போய் இவளுடைய எலும்புக்குள் குடியேறும். புது இரத்தம் செய்யும். ஆள் இல்லையென்றால் விழுங்குகிற குளிசைதான். குளிசை கேட்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாரி தொடங்கினால் ஒரு காய்ச்சல் போதும் என்பதும் தெரியும்.

உம்மா டொக்டரை நம்பினார். நம்பத்தானே வேண்டும், அவருக்கு வேறு என்ன வழி. றிஸ்லா நம்பவில்லை. ஏனென்றால் அந்த வசனம் எங்கே, எதற்காகச் செய்யப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அவள் அதே டொக்டரின் கீழ் வேலை செய்கிறாள்.

றிஸ்லா அவர்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள். விலங்கியல் படித்துவிட்டு, வேலை கேட்டு, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு முன்னால் மற்றப் பட்டதாரிகளோடு வெயிலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றவளை, டொக்டர்தான் தன்னுடைய ஆய்வுக்கு உதவியாளராக எடுத்தார். கிண்ணியாவில் வீடு வீடாகப் போய், யார் யாரைக் கலியாணம் முடித்தார்கள், யாருக்கு யார் மாமி, யாருக்கு யார் சாச்சி என்று கேட்டு, இரத்தம் எடுக்கச் சம்மதம் வாங்குவது அவளுடைய வேலை. ஒரு குடும்பத்துக்குள் யாருடைய மச்சை யாருக்குப் பொருந்துகிறது என்று டொக்டர் பார்ப்பார். பொருந்தினால், கொடுக்கவேண்டிய ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். அந்த ஆள் ஏலாது என்று சொன்னால், நோயாளியின் வீட்டுக்கு ஒரே வசனம் போகும்: பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை. உண்மையிலேயே யாரும் பொருந்தாவிட்டாலும் அதே வசனம், அதே குரல்.

“ஏன் டொக்டர் அப்பிடி?” என்று வேலைக்கு வந்த புதிதில் கேட்டிருக்கிறாள்.

“முந்தி நான் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தனான். ஒரு வீட்டில தமையனுக்குக் குடுக்கமாட்டன் எண்டு ஒரு பிள்ளை சொன்னது. அதுகளிட்ட அதை நான் சொல்லிப்போட்டன். அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தாங்கள். முகம் வீங்கியிருந்தது. நானும் மச்சையை எடுத்தனான், தமையன் பிழைச்சிட்டான். அந்தப் பிள்ளை பிறகு அந்த வீட்டுப் படி ஏறேல்லை. அதுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் காட்டிக்குடுக்கிறேல்லை.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தன் தங்கைக்கே அந்த வசனம் வரும்வரை.

போன மாதம் கிளினிக் வாசலில் மாமி மகன் முனாஸ் நிற்பதை றிஸ்லா கண்டிருந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. குடும்பத்தில் எல்லோரிடமும் ஒருதரம் இரத்தம் எடுத்தாயிற்று. இரண்டாந்தரம் ஒருவரிடம் எடுப்பதென்றால், முதல்தரம் பொருந்தியிருக்க வேண்டும். உறுதிப்படுத்தத்தான் மறுபடி எடுப்பார்கள். அந்தக் குழாயில் பெயர் ஒட்டுகிற வேலையை டொக்டர் அவளிடம் தரவில்லை. தானே செய்தார்.

முனாஸ் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. அவனுடைய தாய் ஆமினா மாமி வாப்பாவின் தங்கை. அவரை முடித்தவர் உம்மாவின் தம்பி. மாற்றுக் கலியாணம், ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டு அக்காவையும் தம்பியையும் முடித்தது. அந்த இரண்டு வீடும் அதற்கு முந்தியே சொந்தம். ஆகவே முனாஸ் றிஸ்லாவுக்கும் நிப்லாவுக்கும் மாமி மகனும்தான், மாமா மகனும்தான்.

டொக்டர் யசோதராவின் பெயரும் புகழும் இதை வைத்து வந்ததுதான். சல்லிக் கடற்கரையில் வலை இழுத்த வீரசிங்கத்தின் மகள். சண்டைக் காலத்தில் படித்து, இங்கிலாந்துக்குப் போய், மச்சை மாற்றுவதில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். சொந்தத்துக்குள் முடிக்கிறார்கள், அதனால்தான் நோய் என்று மற்ற டொக்டர்மார் முகத்தைச் சுளித்த இடத்தில், சொந்தத்துக்குள் முடிக்கிறார்கள், அப்படியென்றால் கூடப்பிறந்தவர் பொருந்தாவிட்டாலும் மச்சானைப் பார், மச்சியைப் பார் என்று சொன்னவர் அவர். அதைச் சொல்லிக்கொண்டு நாட்டுக்குத் திரும்பி வந்தார். கொழும்பில் மச்சை மாற்றும் சிகிச்சை, மாதத்தில் இரண்டு முறை திருகோணமலையில் கிளினிக், பாலையூற்றில் வாடகை வீடு.

டவுன் மண்டபத்தில் அவர் பேசிய ஒரு கூட்டத்துக்கு றிஸ்லாவும் போயிருந்தாள். திரையில் ஒரு குடும்பத்தின் படம் விழுந்தது. வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண், சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இரட்டைக் கோடு. பெயர் இல்லை. ஆனால் மாற்றுக் கலியாணத்தின் இரண்டு இரட்டைக் கோடுகள், ஒரு பக்கம் இரண்டு வட்டம், அவற்றுக்கு நடுவே, இறந்ததற்கு அடையாளமாகக் குறுக்கே வெட்டப்பட்ட ஒரு சின்ன வட்டம். அது பிறந்த கிழமையிலேயே மவுத்தான அவளுடைய நடுத் தங்கை. முன்வரிசையில் ஒருவர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பிடித்தார். உம்மா வாப்பாவின் படுக்கையறைக்குள் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டதுபோல் றிஸ்லாவுக்கு இருந்தது. சம்மதம் வாங்கியது அவளேதான். அதனால் யாரிடமும் சொல்லி ஏச முடியவில்லை.

இப்போது அந்தக் கோபமும் இந்தச் சந்தேகமும் ஒன்றாகிவிட்டன. முனாஸ் பொருந்துகிறான். பொருந்தியவன் வேண்டாமென்று சொல்லியிருக்கிறான். ஏன் சொன்னான் என்பதும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே றிஸ்லாவுக்கு முனாஸ் என்று பேசி வைத்திருந்தது. கம்பஸுக்குப் போன இரண்டாம் வருடம் அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மாமி வீட்டுப் போக்குவரத்து அத்தோடு நின்றது.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள்.

முனாஸ் கூலர் லொறி ஒன்றுக்கு ஐஸ் ஏற்றுவித்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் காலில் போட்டிருந்த ரப்பர் கம்பூட்சைத் தட்டிவிட்டு வந்தான்.

“என்ன கம்பஸ், மீன் வாங்க வந்தயா?”

“உன்னோட கதைக்கோணும்.”

“கதை. ஐஸ் மெஷின் சத்தத்தில இவங்களுக்கு ஒண்டும் கேக்காது.”

“கேக்கட்டும். நான் உன்னை முடிக்க ஏலாதெண்டு சொன்னதுக்கு என்ட தங்கச்சியச் சாகக் குடுக்கிறயா?”

மெஷின் சத்தத்தையும் தாண்டி அது கேட்டுவிட்டது. ஐஸ் பெட்டி தூக்கியவர்கள் பெட்டியோடு நின்றார்கள். முனாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஆரு சொன்ன நான் வேணாமெண்டனெண்டு?”

“சொல்லத் தேவையில்ல. நான் அங்கதான் வேலை செய்றன்.”

“வேலை செஞ்சும் இவ்வளவுதான் தெரியுமா? உன்ட டொக்டர் கேட்ட அண்டைக்கே நான் ஓமெண்டுட்டன். இடுப்பில ஊசி போடுவாங்களாம், கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்க ஏலாதாம். முதலாளியிட்ட லீவும் சொல்லிட்டன். பிறகு கோல் எடுத்துச் சொல்றா, இப்பைக்குத் தேவையில்லையாம். ஏனெண்டு கேட்டா அதைச் சொல்ல ஏலாதாம்.” அவன் குரல் இறங்கியது. “நான் நினைச்சன் அது நீதானெண்டு. மீன்காரன்ட மச்சை உங்கட ஊட்டுப் புள்ளைக்கு ஆகாதெண்டு நீதான் சொல்லியிருப்பாயெண்டு.”

“நானா?”

“ஓம். உன்னால ஏலும்.”

பெட்டி தூக்கியவர்களில் ஒருவன், “மச்சைக்கும் ஐஸ் போடோணுமா முனாஸ் காக்கா?” என்றான். முனாஸ் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் லொறிக்குப் பின்னால் போனான்.

முனாஸ் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு இவ்வளவு கோபம் வராது. அப்படியென்றால் டொக்டர். துறைமுக வாசலுக்கு நடந்து வருவதற்குள் றிஸ்லா முழுக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டாள். மாற்றுக் கலியாணத்துப் பிள்ளைகள் பொருந்துகிறார்கள் என்பது டொக்டருக்குக் கிடைத்துவிட்டது, படமும் காட்டியாயிற்று. இனி மாற்றிப் பார்த்து நிப்லா இறந்துபோனால், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற எண்ணிக்கைதான் கெடும். நோய் முற்றிய பிள்ளையை ஏன் எடுக்க வேண்டும்? விட்டுவிடுவது லாபம்.

பாலையூற்று வீட்டில் டொக்டர் வாசல் கதவைத் தானே திறந்தார். பாதி தின்ற பாண் துண்டு ஒன்று கையில் இருந்தது.

“வாரும். சுகமில்லையோ? வேலைக்கு வரேல்லை.”

“முனாஸ் ஓமெண்டு சொன்னவன். பிறகு ஏன் நிப்பாட்டினீங்க?”

டொக்டர் கதிரையைக் காட்டினார். றிஸ்லா இருக்கவில்லை. நின்றுகொண்டே, வழியில் போட்ட கணக்கை அப்படியே கொட்டினாள். படம், கூட்டம், எண்ணிக்கை, இங்கிலாந்து, எல்லாவற்றையும். டொக்டர் பாண் துண்டைப் பீங்கான் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சிது.”

“பேர் வேணுமெண்டது உண்மை. பேர் இல்லாட்டி இந்தக் குளிர்ப்பெட்டிக்கும் மெஷினுக்கும் ஒருத்தனும் தரமாட்டான். அந்தப் படத்தை நான் இன்னும் பத்து இடத்தில காட்டுவன். அதுக்கு நீர் கோவிக்கலாம், உமக்கு உரிமை இருக்கு. எண்ணிக்கைக்காக ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டன் எண்டு நீர் உண்மையா நினைச்சா, என்ர வேலையில இருக்காதேயும். நாளைக்கே வேற வேலை பாரும்.”

“அப்ப ஆர் நிப்பாட்டின?”

“சொல்லமாட்டன்.”

“நான் அவட அக்கா.”

“அதனாலதான் சொல்லமாட்டன்.”

கிண்ணியா பஸ்ஸில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது காற்று முகத்தில் அடித்தது. வேலை போய்விட்டதா இல்லையா என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை. உம்மாவா? உம்மாவிடம் கேட்டால் தன் இரண்டு இடுப்பையும் கழற்றித் தருவார். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அவர் இரவு இரவாகப் போனில் துஆ ஓதி அழுகிறவர். ஆமினா மாமியா? மாமி சொன்னாலும் டொக்டர் கேட்கமாட்டார், முனாஸ் வளர்ந்த ஆம்பிளை. இவர்களில் ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை. மச்சை மாற்றுவதற்குத் தேவை இரண்டே இரண்டு பேருடைய சம்மதம். கொடுக்கிறவர், எடுக்கிறவர். வீடு வீடாக அவளே விளக்கிச் சொன்ன விசயம்.

எடுக்கிறவர்.

மடியில் கிடந்த பை கீழே விழுந்ததைப் பக்கத்துச் சீட்டுப் பெண்தான் எடுத்துக் கொடுத்தார்.

நிப்லா கட்டிலில் நுளம்பு வலைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். றிஸ்லா கதவைச் சாத்தியதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நீதானே வேணாமெண்ட?”

“டொக்டர் சொல்லிட்டாவா?”

“அவட வாயைத் திறக்க அலவாங்கு வேணும். நானே கண்டுபுடிச்சன். ஏன்?”

“பயம்.”

“பொய் சொல்லாத.”

“வேற ஆருடைய மச்சையெண்டாலும் எடுக்கிறன் ராத்தா. முனாஸ் மச்சான்ட மட்டும் வேணாம்.”

“மாமி ஊட்டோட கோவமா உனக்கு?”

நிப்லா போர்வை நுனியைச் சுருட்டினாள். இரத்தமே இல்லாத அந்த முகத்திலும் வெட்கம் எங்கிருந்தோ ஒரு நிறத்தைக் கொண்டுவந்தது. றிஸ்லா கட்டில் விளிம்பில் இருந்தாள்.

“எப்பயிலிருந்து?”

“நீ அவரை வேணாமெண்ட பிறகுதான். அதுக்கு முந்தி இல்ல.”

“அதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அப்ப அவன் தாறது நல்லம்தானே விசரி.”

“எப்பிடி நல்லம்?” நிப்லா எழுந்து உட்கார்ந்தாள். “டொக்டர் என்னிட்டச் சொன்ன என்ன? இனி அவர்ட இரத்தம்தான் என்ட உடம்பில ஓடுமாம். என்ட குரூப்பும் மாறி அவர்ட குரூப்பாகுமாம். இனி நீங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்த மாதிரித்தானெண்டு சிரிச்சிக்கிட்டுச் சொன்னா. றுக்கியாட கலியாணம் ஏன் நிண்டது? மறந்துட்டயா?”

மறக்கவில்லை. றுக்கியா பக்கத்து வளவுப் பிள்ளை. சுனாமி முகாமில் அவளுடைய தாய் சுகமில்லாமல் கிடந்தபோது, இன்னொரு பெண் கைக்குழந்தையான அவளுக்குப் பால் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருடம் கழித்துக் கலியாணம் பேசி, மண்டபமும் எடுத்த பிறகுதான் அந்தப் பெண்ணின் மகனே மாப்பிள்ளை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பால் கொடுத்தவள் தாய், அவளுடைய பிள்ளை உடன்பிறப்பு, முடிக்க ஏலாது. அந்தக் கலியாணம் அத்தோடு சரி.

“அது கொஞ்ச நாள் குடிச்ச பால்” என்றாள் நிப்லா. “இது உடம்பு முழுக்க, சாகிற வரைக்கும் அவர்ட இரத்தம். பாலுக்கே அப்பிடியெண்டா இதுக்கு எப்பிடி?”

“ஆரிட்டயாவது கேட்டயா?”

“ஆரிட்டக் கேக்கிற? கேட்டா, உனக்கென்ன அதில எண்டு கேப்பாங்க.”

“அவனிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அவர் தருவார். தந்துட்டு, தங்கச்சியெண்டு கூப்பிட்டுட்டுப் போயிடுவார். அவர் அப்பிடித்தான். குளிசை கேக்குமெண்டு நினைச்சன் ராத்தா.”

றிஸ்லாவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. கூடப்பிறந்த மாதிரி என்ற அந்த வசனத்தை அவளும் எத்தனை வீடுகளில் ஒப்புவித்திருக்கிறாள். மச்சை கொடுக்கத் தயங்குகிறவர்களை இளக்க அதைவிட நல்ல வசனம் கிடையாது. ஒரு வீட்டிலும் இப்படிக் கேட்டு யாரும் முழித்ததில்லை.

முனாஸிடம் சொல்லக் கூடாது, டொக்டரிடம் சொல்லலாம் என்று நிப்லா விட்டுக்கொடுத்தாள். றிஸ்லா முற்றத்துக்குப் போய்க் கோல் எடுத்தாள். நிப்லா சொன்ன எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னாள்.

“எல்லாரிட்டையும் அதைத்தானே சொல்லிக்கொண்டு வாறன்” என்றார் டொக்டர். “எத்தனை வருசமா. இங்கிலாந்தில ஒரு கிழவனுக்கும் சொன்னனான், அவன் சிரிச்சான். எங்கட ஆக்களுக்குள்ளயும் மச்சானை முடிக்கிறதுதானே. எனக்கு அது யோசனைக்கே வரேல்லை.”

மறுநாள் பின்னேரம் அவருடைய சின்னக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. உம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார். டொக்டர் நிப்லாவின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

“நான் சொன்னது வாய்ப்பேச்சு, பிள்ளை. உம்மட தோல், உம்மட முகம், நாளைக்கு நீர் பெறப்போற பிள்ளை, எல்லாம் உம்மடதுதான். இரத்தம் காய்ச்சிற அடுப்பு மட்டும்தான் அவர் தாறது. அடுப்பு வாங்கினா ஆரும் சகோதரம் ஆகிறேல்லை.”

நிப்லா அவரையே பார்த்தாள்.

“அண்டைக்கு நீங்க அதைச் சொன்ன நேரம் உங்களுக்கு என்னிட்ட ஒண்டும் தேவைப்படல்ல டொக்டர். சும்மா சொன்னீங்க. இப்ப நான் ஓமெண்டு சொல்லோணுமெண்டு சொல்றீங்க. இதில எதை நம்புற?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தடுமாறுவதை றிஸ்லா அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நினைத்த அளவுக்கு அது சந்தோசமாகவும் இல்லை.

றிஸ்லா ஜவாஹிர் மௌலவிக்குக் கோல் எடுத்து, நிப்லாவுக்குக் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தாள். பால் வேறு, இரத்தம் வேறு என்றார் அவர். பச்சைக் குழந்தை குடித்த பாலுக்குத்தான் அந்தச் சட்டம், இரத்தம் ஏற்றியதால் யாரும் உறவாவதில்லை, பயப்படாமல் எடுங்கள் மகள் என்றார்.

“மௌலவி உம்மாட சாச்சா மகன்” என்றாள் நிப்லா, போனை வைத்த பிறகு. “நான் மவுத்தாப் போறதை அவர் விரும்புவாரா? நீங்க எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுவீங்க. நானும் உங்கட இடத்தில இருந்தா சொல்லுவன்.”

சந்தேகப்படுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று றிஸ்லா நினைத்திருந்தாள்.

“ஆரு சொன்னா நம்புவாய்?”

“நான் அவரை முடிக்கப்படாதெண்டு நினைக்கிற ஆள் சொல்லட்டும்.”

கிண்ணியா முழுவதிலும் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். நிப்லாவுக்கு நோய் என்று கேள்விப்பட்ட கிழமையே, அவளோடு கதைக்கக் கூடாதென்று மகனுடைய போனைப் பறித்துச் சில நாள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்.

“போய்க் கூட்டிக்கொண்டு வாரும்” என்றார் டொக்டர். “ஆனா ஒண்டு, என்ன கேள்வி எண்டு வழியில சொல்லிக்குடுக்காதேயும்.”

“நான் சொல்லிக்குடுப்பனெண்டு நினைக்கிறீங்களா?”

“ஓம்” என்றார் டொக்டர்.

ஆமினா மாமி வாசலில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். “இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்” என்றார். துறைமுகத்தில் நடந்த கதை அவருக்கு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நிப்லா கூப்பிடுகிறாள் என்று மட்டும் றிஸ்லா சொன்னாள். மாமி இறாலை மூடி வைத்து, கையைக் கழுவி, அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தார். வழி நெடுக இருவரும் பேசவில்லை.

நிப்லா சுற்றி வளைக்கவில்லை. “மாமி, முனாஸ் மச்சான் எனக்கு மச்சை தந்தா, நாங்க உடன்பிறப்பாகிடுவமா?”

மாமி டொக்டரைப் பார்த்தார். றிஸ்லாவைப் பார்த்தார்.

“இதைக் கேக்கவா கூட்டி வந்த?” கட்டில் காலடியில் பொத்தென்று இருந்தார். “நானும் கேட்டுத்தான் பாத்தன் புள்ள. குடுக்கப் போறனெண்டு அவன் வந்து சொன்ன அண்டைக்கே. ஜவாஹிர் மௌலவியிட்ட கேக்கல்ல, அவர் உங்கட ஆள். மூதூருக்குப் போனன். அங்க ஒருத்தர், உறவாகாதெண்டார். சரியெண்டு புல்மோட்டைக்குப் போனன், என்ட மச்சிட மருமகன் ஓதினவர். அவரும் அதையேதான் சொன்னார். இரத்தம் ஏத்தினா உறவெண்டா, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஊரே சகோதரமாப் போயிடுமாம். ஒராள்கூட எனக்குத் தோதா ஒரு வார்த்தை சொல்லல்ல.” மாமியின் குரலில் இருந்த ஏமாற்றம் அறை முழுக்கத் தெரிந்தது. “பஸ்ஸில குலுங்கி நாரி நொந்து வந்து படுத்ததுதான் மிச்சம்.”

நிப்லா மாமியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உன்னில எனக்குக் கோவமில்ல” என்றார் மாமி. “நோய்க்காரப் புள்ளைய எந்தத் தாய் மகனுக்கு எடுப்பா. நீ முதல் சுகமாகு. சுகமாகி வந்து கேளு. அப்பவும் நான் வேணாமெண்டுதான் சொல்லுவன்.”

நிப்லா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

றிஸ்லா மாமியை வாசல் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். கேட்காமல் இருக்க அவளால் ஏலவில்லை.

“மாமி, உண்மையா மூதூருக்குப் போனீங்களா?”

மாமி செருப்புக்குள் காலை நுழைத்தார். “என்ட மகன் இடுப்பைக் காட்டுறனெண்டு நிக்கிறான். அதை வேணாமெண்டு சொல்ல உங்கட ஊட்டில ஒருத்திக்கும் வாயிருக்கப்படாது. நீ அதை மட்டும் பாரு.”

அது ஓமா இல்லையா என்று றிஸ்லா யோசித்து முடிப்பதற்குள் அவர் ஒழுங்கையின் திருப்பத்துக்குப் போய்விட்டார்.

உள்ளே வந்தபோது டொக்டர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இப்ப நான் இவவோட தனியக் கதைக்கோணும். நீர் வெளியில நில்லும்.”

“நான் உங்கட உதவியாளர்.”

“அது நாளைக்கு. இப்ப நீர் தமக்கை.” கதவு சாத்தப்பட்டது.

உம்மா மறுபடி ஊற்றிய தேத்தண்ணித் தட்டோடு நடு வீட்டில் நின்றார். உள்ளே என்ன கதைக்கிறார்கள் என்று கண்ணால் கேட்டார். தெரியாது என்று றிஸ்லா கையை விரித்தாள். ஒட்டுக் கேட்டும் பார்த்தாள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. டொக்டர் வெளியே வந்து, ஆறிய தேத்தண்ணியை நின்றபடியே குடித்து, உம்மாவிடம் நன்றி சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். அவர் முகத்தில் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியவில்லை.

“ராத்தா” என்று உள்ளேயிருந்து நிப்லா கூப்பிட்டாள். பின்னலை அவிழ்த்து மடியில் போட்டிருந்தாள். “இதை வெட்டிவிடு. கொழும்பில மச்சை மாத்த முந்தி மருந்து குடுத்தா முடி கொட்டுமாம். கொத்துக் கொத்தா தலையணையில கிடக்கிறதை என்னால பாக்க ஏலாது.”

றிஸ்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ஆரும் உன்னை வற்புறுத்தல்லயே? மாமி சொன்னதை நீ முழுசா நம்பிட்டயா?”

“நீ வெட்டப் போறயா, விசாரிக்கப் போறயா?”

அலுமாரியின் மேல்தட்டில் உம்மாவின் தையல் கத்தரிக்கோல் இருந்தது. றிஸ்லா அதன் நுனியை விரலில் வைத்துப் பார்த்தாள். கூராக இருந்தது. ஒரு சின்னக் கீறல் பட்டாலும் இவளுக்கு இரத்தம் நிற்காது. துவாயை நனைத்துப் பிழிந்து தங்கையின் தோளில் போட்டு, காதை ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து தள்ளி, மெதுவாக வெட்டத் தொடங்கினாள்.